படுக்கிற இடம், கடிதம் வாற இடம்

தவராசாவிடம் யாராவது விலாசம் கேட்டால் இரண்டு நொடி பேசாமல் நிற்பார். மறதி இல்லை. கேட்கிற ஆள் யார், எதற்குக் கேட்கிறார் என்று மனதுக்குள் அளந்து பார்த்துவிட்டுத்தான் எந்த விலாசத்தைச் சொல்வது என்று முடிவெடுப்பார். அவரிடம் இரண்டு இருந்தன. ஒன்று படுக்கிற இடம். லண்டனிலிருந்து ரயிலில் ஒன்றரை மணித்தியாலம் போனால் கிளாக்டன் என்றொரு கடற்கரை ஊர் வரும். அங்கே மீன்பொரியல் கடை ஒன்றுக்கு மேலே இரண்டு அறை. மற்றது கடிதம் வருகிற இடம். அது லண்டனில், குட்மேய்ஸில், அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் தியாகராஜாவின் வீடு.

வங்கிக்கும் வரிக் கந்தோருக்கும் ஆஸ்பத்திரிக்கும் தொலைபேசிக் கொம்பனிக்கும் தவராசா குட்மேய்ஸ்காரர். தியாகராஜா வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஆணியில் ஒரு சுப்பர்மார்க்கெட் பை தொங்கும். "தவராசாவின்ர பை" என்றுதான் அந்த வீட்டில் அதற்குப் பெயர். மாதத்துக்கு ஒருதரம் கிளாக்டன் நண்டு நாலைந்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பையில் சேர்ந்த கடிதங்களை எடுத்து வருவார். ஜேர்மனியிலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்த ஒன்பது வருடமாக இதுதான் ஒழுங்கு. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் மெய்யான விலாசத்தைக் கொடுக்க வேண்டி வந்தது. அன்றைக்கு முழுக்க மனிசனுக்குச் சோறு இறங்கவில்லை.

கிளாக்டன் வீட்டுக்குக் குடிவந்த முதல் கிழமையே, தெருக்கதவில் கடிதம் போடுகிற வாயை உட்பக்கமாக ஒரு பலகை வைத்து நாலு திருகாணி போட்டு மூடினார்.

"காத்து வருது," என்றார் மனைவி ஜெகதீஸ்வரியிடம்.

காற்றுக்கு யாரும் நாலு திருகாணி போடுவதில்லை என்று ஜெகதீஸ்வரிக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். மனிதர்களின் பயங்களைக் கிளறிப் பார்க்கக் கூடாது என்று பழகியவள். அந்தப் பலகையைப் பற்றி அன்றைக்கே ஒரு சண்டை பிடித்திருக்கலாம். ஒன்பது வருடம் கழித்து மகள் ஒரு ஸ்டேஷன் வாங்கில் இருந்து அழுதிருக்கத் தேவையில்லை.

மகள் துஷ்யா. பதினெட்டு வயது. லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் தாதியர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போது, வழக்கம்போல, "பெரியப்பா வீட்டு விலாசத்தைப் போடு பிள்ளை," என்று தவராசா சொன்னார். அவளும் வழக்கம்போலப் போட்டாள். இருவரும் கவனிக்காமல் விட்டது ஒரேயொரு விதி. வீடு முப்பது மைலுக்கு அப்பால் இருந்தால் முதலாம் வருடம் வளாகத்துக்குள்ளேயே அறை நிச்சயம். வீடு லண்டனுக்குள் என்றால் வீட்டிலிருந்து வரலாமே, மிஞ்சினால் பார்க்கலாம். குட்மேய்ஸ் லண்டனுக்குள்ளே. துஷ்யா உள்ளூர்ப் பட்டியலில் விழுந்தாள். ஓகஸ்ட் முழுக்க "காத்திருக்கவும்" என்று வந்த மின்னஞ்சல், செப்டெம்பர் மூன்றாம் கிழமை "அறை இல்லை" என்று முடிந்தது.

திங்கட்கிழமை வகுப்பு. அடுத்த மாதத்திலிருந்து ஆஸ்பத்திரியில் பயிற்சி, காலை ஏழு மணிக்கு. கிளாக்டனிலிருந்து வெளிக்கிடுகிற முதல் ரயில் அந்த நேரத்துக்கு லண்டன் வந்து சேராது.

"அறை இல்லையெண்டால் நான் இதை விடுறன் அப்பா. விட்டிட்டு இஞ்சயே ஏதும் கடையில நிக்கிறன்," என்று சொன்னவள் அழவில்லை. அழுதிருந்தால் பிடிவாதம் என்று தவராசா எடுத்திருப்பார். ஒன்பது வருடம் தம்பி மிதுலனோடு ஒரே அறையில், நடுவில் ஒரு திரையைக் கட்டிக்கொண்டு, பொரியல் எண்ணெய் மணக்க மணக்கப் படித்த பிள்ளை.

வெள்ளிக்கிழமை காலை, தான் வேலை செய்கிற பெற்றோல் செட்டில் ஷிப்டை மாற்றிவிட்டு, பெட்டியும் மகளுமாக லண்டன் வந்தார். பத்து மணிக்குப் பல்கலைக்கழக விடுதிக் கந்தோர். மேசைக்குப் பின்னால் கழுத்தில் பச்சைப் பட்டி போட்ட ஒரு பெண். நல்ல மாதிரியான பெண்; மூன்று நாளாகப் பெற்றோரின் கோபத்தை வாங்கி வாங்கிக் களைத்திருந்தாள். கணினியைப் பார்த்தாள்.

"உங்கள் வீடு குட்மேய்ஸில். அதனால்தான் உள்ளூர்ப் பட்டியல்," என்றாள் ஆங்கிலத்தில். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இன்று காலை ஒரு அறை திரும்பி வந்திருக்கிறது. வெளியூர்ப் பிள்ளைகளுக்குத்தான் கொடுக்கலாம். குட்மேய்ஸ்தானா உங்கள் நிரந்தர வீடு? சரியாகத்தானே பதிந்திருக்கிறீர்கள்?"

இதைவிட ஒரு மனிசி எப்படிக் கதவைத் திறந்து விடுவாள்? துஷ்யா வாய் திறந்தாள். அதற்குள் பக்கத்தில் நின்ற தவராசா முந்திக்கொண்டார்.

"யெஸ், யெஸ். குட்மேய்ஸ். நைன் இயேர்ஸ்."

துஷ்யா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவருடைய முகத்தில் வியர்வை. அந்தப் பெண்ணுக்கு முன்னால் அப்பாவைப் பொய்க்காரன் ஆக்க அவளுக்கு வாய் வரவில்லை. பச்சைப் பட்டிக்காரி மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வெளியே படியில் துஷ்யா பெட்டியை வைத்தாள். "என்ன செய்தனீங்கள் அப்பா? அவ அறை இருக்கெண்டு சொன்னவ!"

"பதிஞ்சது பதிஞ்சபடி கிடக்கட்டும் பிள்ளை. மாத்திச் சொன்னால் கேள்வி வரும்."

"ஆர் கேக்கிறது?"

"ஆரும் கேப்பினம். இது பொய்யெண்டால் மற்றதுகளும் பொய்யோ எண்டு எல்லாத்தையும் கிண்டுவினம். விசா குடுக்கிற ஹோம் ஒஃபிசிலயும் உந்த விலாசம்தான் கிடக்கு."

"நீங்கள் ஜேர்மன் பாஸ்போட் வச்சிருக்கிறீங்கள். இஞ்ச இருக்க உரிமை இருக்கு. உங்களை ஆர் என்ன செய்யப் போகினம்?"

தவராசா பெட்டியைத் தூக்கினார். "உள்ளுக்கு என்னத்துக்கு? எட்டுப் பேர் சமைக்க ஒரு குசினி, குடிச்சுப்போட்டுக் கூத்தாடுவாங்கள். வெளியில எங்கட ஆக்களின்ர அறை எவ்வளவு கிடக்கு. வா, பாப்பம்."

விடுதி அறையை அவரும் பார்த்திருந்தார். போன மார்கழியில் பெற்றோருக்குச் சுற்றிக் காட்டினார்கள். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு யன்னல், அட்டையைக் காட்டினால் திறக்கிற கதவு. அதிலிருந்து வகுப்புக்கு ஐந்து நிமிட நடை. அன்றைக்கு துஷ்யா அந்த மேசையில் கையை வைத்துப் பார்த்ததை அவர் கண்டவர். கண்டும் இப்படிப் பேசினார்.

முதலில் ஸ்ட்ராட்ஃபோர்ட்டில் மாணவர்களுக்கென்று கட்டிய கண்ணாடிக் கோபுரம். கீழே தேகப்பயிற்சிக்கூடம், மேலே மரக்கன்று வைத்த மொட்டைமாடி. வாடகையைக் கேட்டதும் தவராசாவுக்கு இருமல் வந்தது. ஆனாலும் ஜெகதீஸ்வரியும் மேலதிகமாக இரண்டு ஷிப்ட் செய்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று துணிந்துதான் கதிரையில் இருந்தார். கோபுரத்துப் பொடியன் புன்னகையோடு ஒரு படிவத்தைத் தள்ளினான். பிணை நிற்பவர் தேவை. இந்த நாட்டில் சொந்த வீடு உள்ளவராக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் தகப்பன் மூன்று வருடம் வசித்த விலாசத்தையும் அதற்கான அத்தாட்சியையும் தரலாம். யார் யார் அந்த வீட்டில் இருக்கிறார்கள், வீடு யாருடையது எல்லாம் எழுத வேண்டும், நாங்கள் ஆளனுப்பி விசாரிப்போம் என்றான். தவராசா பேனையை மெல்ல மேசையில் வைத்தார்.

"யோசிச்சுச் சொல்லுறம் தம்பி," என்றார். பொடியனுக்குத் தமிழ் தெரியாது. எழும்பிப் போனதை வைத்து விளங்கிக்கொண்டிருப்பான்.

அடுத்தது இல்ஃபோர்ட். சஞ்சயன் என்பவர் அறைகள் பிடித்துக் கொடுக்கிற தரகர். தொலைபேசியில் "எங்கட வீடு மாதிரி" என்று சொன்னவர். வரிசை வீடுகளில் ஒன்று. நடையில் ஏழு சோடிச் சப்பாத்து, இரண்டு சைக்கிள். முன் விறாந்தை அறையை நடுவால் மெல்லிய பலகைச் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். பிரித்தவனுக்கு யன்னலை என்ன செய்வதென்று தெரியவில்லை; சுவரைக் கொண்டுபோய் யன்னலின் சரி நடுவில் முட்டி விட்டிருந்தான். அரை யன்னல் இந்த அறைக்கு, அரை யன்னல் மற்ற அறைக்கு. கண்ணாடிக்கும் சுவருக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் பழைய துவாய் ஒன்றை அடைத்திருந்தார்கள்.

"அங்கால் பக்கம் ஆர்?" என்று தவராசா கேட்டார்.

"ஒரு பெடியன் அண்ணை. டெலிவரி ஓடுறவன். நல்ல பெடியன், அறையில தங்கிறதே குறைவு," என்றார் சஞ்சயன்.

அப்போது அந்த நல்ல பெடியன் அங்கால் பக்கத்திலிருந்து இருமினான். துவாய் அசைந்தது. துஷ்யா இரண்டடி பின்னால் வந்து அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கதவுக்குப் பூட்டு இல்லையே என்று தவராசா கேட்டார். பூட்டுப் போட்டால் கவுன்சில்காரன் வந்து எத்தனை குடும்பம் என்று எண்ணுவான், அதனால் ஒருவருக்கும் பூட்டு இல்லை, எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி என்றார் சஞ்சயன். இந்தக் குடும்பத்தில் ஏழு பேருக்கு ஒரு கக்கூசு. திங்கட்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆள் வந்துவிடும் என்றும் சொன்னார். வந்துவிடும் என்பதுதான் கொடுமை. அந்த அரை யன்னலுக்கும் வரிசையில் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

செவன் கிங்ஸில் தவநாயகி என்கிற விதவை அம்மா. இந்த இடம் தவராசாவுக்குப் பிடித்துவிட்டது. சுத்தமான அறை, பூட்டு, சாமிப்படம், கட்டிலில் புது விரிப்பு. தவநாயகி அம்மா தேத்தண்ணீர் தந்துவிட்டு நிபந்தனைகளைச் சொன்னார். மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சமைக்கக் கூடாது. இரவு எட்டு மணிக்குக் கதவு பூட்டினால் விடியத்தான் திறக்கும். சிநேகிதிகள் வரக் கூடாது.

"அன்ரி, எனக்கு வார்ட்டில ஷிப்ட் வரும். சில நாள் முடிய ஒன்பது மணி," என்றாள் துஷ்யா.

"பொம்பிளைப் பிள்ளைக்கு ஒன்பது மணிக்கு என்ன ஷிப்ட்? எட்டுக்குள்ள வாற மாதிரிக் கேட்டு எடுங்கோ பிள்ளை."

ஆஸ்பத்திரியில் நோயாளிகளும் எட்டு மணிக்குள் படுத்துவிட வேண்டும் என்று அம்மா சொல்லாமல் விட்டது ஆறுதல். எழும்பி வந்தார்கள். தவராசா வாசலில் திரும்பித் திரும்பி அந்தப் பூட்டைப் பார்த்தார்.

கடைசியாக மிஞ்சியது குட்மேய்ஸ். எந்த வீட்டால் இவ்வளவும் வந்ததோ அந்த வீடு. தியாகராஜாவின் மனைவி பாலாம்பிகை சோறு போட்டார். மூத்தவன் நிருஜன் கலியாணம் முடித்து, பிள்ளையும் பிறந்து, மேல் அறை இரண்டும் அவர்களுக்கு. பிள்ளை பார்க்க மருமகளின் தாய் தகப்பன் கனடாவிலிருந்து வந்து சின்ன அறையில். தியாகராஜாவும் பாலாம்பிகையும் படுப்பதே கீழ் அறையில் ஒரு ஒற்றைக் கட்டிலும் ஒரு பாயுமாக. தவராசா கேட்க முன்னமே அண்ணனுக்கு விளங்கிவிட்டது. மனிசன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"என்ர விலாசம் எவ்வளவு காலமெண்டாலும் உனக்குத்தான் தவராசா. அதுக்கு நான் ஒருநாளும் முகம் சுளிக்கேல்லை. ஆனால் இடம்? இடம் இல்லையடா. ஹோலில சோபா கிடக்கு, பிள்ளை ரெண்டு மூண்டு நாள் படுக்கட்டும். மூண்டு வருஷம் எண்டால் என்னண்டு?"

"ஓம் அண்ணை. விளங்குது."

படிக்குக் கீழே ஆணியில் அவருடைய பை தொங்கியது. இந்த மாதம் ஆறேழு கடிதம் இருந்தது. அவற்றுக்கு மட்டும் இந்த வீட்டில் நிரந்தர இடம்.

இரண்டு மணிக்கு ஸ்டேஷன் வாங்கில் இருவரும் இருந்தார்கள். பெட்டி காலுக்கிடையில். ரயில்கள் வந்தன, போயின. எதில் ஏறுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. துஷ்யா மூக்கை உறிஞ்சினாள். காலையிலிருந்து அடக்கி வைத்தது இப்போது உடைந்தது.

"நான் அந்த அரை அறையிலயும் படுக்கிறன் அப்பா. பூட்டில்லாமலும் படுக்கிறன். ஆனா ஏன் எண்டு சொல்லுங்கோ. கிளாக்டன் எண்டு ஒரு சொல்லு. அதை ஏன் உங்களால சொல்ல ஏலாது?"

சொல்லக் கூடாது என்று தவராசா முப்பது வருடத்துக்குக் கிட்ட வைத்திருந்த கதை. ஜெகதீஸ்வரிக்கே அரைவாசிதான் தெரியும்.

"என்னோட ஒருத்தன் இருந்தவன். குலசிங்கம்," என்று தொடங்கினார்.

ஜேர்மனியில் ஒரு சின்ன நகரம். ஒரு அறை, இரண்டு மெத்தை. இருவருக்கும் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீடு கிடந்தது. குலசிங்கத்துக்கு ஜேர்மன் எழுத்து வராது. தவராசாவுக்குக் குண்டு குண்டான அழகான எழுத்து. எந்தப் படிவம் வந்தாலும் இருவருக்கும் அவர்தான் நிரப்புவார். ஒருநாள் வெளிநாட்டவர் கந்தோரிலிருந்து, தற்போது வசிக்கும் இடத்தை எழுதி அனுப்பு என்று இருவருக்கும் தாள் வந்தது. தெரிந்தவர்கள் சொன்னார்கள், வேறு யாருடையதையாவது போடு என்று. தவராசா நேர்மையாக இருந்தால் நல்லது நடக்கும் என்று நினைத்த வயது. தெரு, இலக்கம், மூன்றாம் மாடி, இடப்பக்கக் கதவு என்று எழுதினார். தன்னுடையதையும் அவனுடையதையும்.

"பேக்கரியில வேலை முடிஞ்சு விடிய ஆறு மணிக்கு வாறன். கதவு திறந்து கிடக்கு. அவன்ர மெத்தை சூடாக் கிடக்கு பிள்ளை. நான் கையை வச்சுப் பாத்தன். அஞ்சரைக்கு வந்து கொண்டுபோட்டாங்களாம். பின்னேரம் பிளேனில ஏத்தியாச்சு. இடப்பக்கக் கதவெண்டு நான் எழுதினதைத்தானே அவங்கள் பாத்திருப்பாங்கள்? கொழும்பில இறங்கினவன் எண்டு ஒரு தகவல். அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை."

"உங்களைத் தேடேல்லையா?"

"என்ர பேர் அடுத்த கிழமைப் பட்டியலில. நான் அண்டைக்கே மாறிட்டன். பிறகு விசா, பாஸ்போட் எல்லாம் கிடைச்சும், உங்கட பள்ளிக்கூடத்தைத் தவிர, படுக்கிற இடத்தை நான் ஒரு தாளிலயும் எழுதேல்லை. எழுதினால் விடிய கதவு தட்டுப்படும் எண்டு..." அவர் நிறுத்தினார். "பேய்த்தனம் எண்டு எனக்கே தெரியும். ஆனா அவ கேட்டவுடன வாய் தானாச் சொல்லிப்போட்டுது."

துஷ்யா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. பதினெட்டு வயதில் அதற்கெல்லாம் சொல் எங்கே இருக்கிறது? "இதை ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டாள். கோபமாகத்தான் கேட்டாள். பிறகு அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு ரயில் போனது. மூன்றாவது வந்தபோது தவராசா எழும்பினார். "கந்தோர் எத்தினை மணிக்குப் பூட்டும்?"

"நாலு."

"வா."

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பச்சைப் பட்டிக்காரியின் முன்னால் மீண்டும் நின்றார்கள். தவராசா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், குட்மேய்ஸ் கடிதம் வருகிற இடம், நாங்கள் படுப்பது கிளாக்டனில், காலையில் சொன்னது பிழை, மகளின் பிழை அல்ல என்று சொன்னார். சொல்லும்போது வாசல் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார். யாரும் வரவில்லை. அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள்.

"அந்த அறை ஒரு மணிக்குப் போய்விட்டது," என்றாள்.

தவராசா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு மணிக்கு அவர் தவநாயகி அம்மாவின் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். மகளின் அறையைத் தானே அழித்தவன் என்கிற எண்ணம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. இன்னும் ஒரு வழி இருக்கிறது என்று அவள் சொன்னது அவருக்குக் கேட்கவே இல்லை. துஷ்யாதான் கேட்டாள். திங்கள் நண்பகலுக்குள் வந்து சேராதவர்களின் அறைகளைப் பிரித்துக் கொடுப்பார்களாம். வெளியூர்ப் பட்டியலில் பெயர் இருந்தால் துஷ்யாவுக்குக் கிடைக்க நல்ல வாய்ப்பு. ஆனால் வெறும் சொல்லை நம்பி விலாசம் மாற்ற முடியாது. மெய்யான வீட்டுக்கு இன்றைக்கே ஒரு கடிதம் போகும். அதில் ஆறு இலக்கம் இருக்கும். திங்கள் பன்னிரண்டு மணிக்குள் அந்த ஆறையும் இணையத்தில் பதிந்தால்தான் பெயர் மாறும்.

படிவத்தைத் தவராசாதான் நிரப்பினார். தெரு, இலக்கம், மீன்பொரியல் கடைக்கு மேலே, பக்கக் கதவு. அதே குண்டு எழுத்து. எழுதி முடித்துக் கையெழுத்தை வைத்த பிறகுதான் அவருக்குப் பலகை ஞாபகம் வந்தது.

துஷ்யா குட்மேய்ஸ் சோபாவில் தங்கினாள். ஒன்பது வருடமாக எழுதிய விலாசத்தில் அந்தக் குடும்பத்தில் ஒருவர் முதன்முதலாகப் படுத்தார். தவராசா கிளாக்டனுக்கு ஓடினார். வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமல் திருகாணிகளைக் கழற்றினார். மூன்று வந்தது. நாலாவது துருப்பிடித்துத் தலை தேய்ந்து போயிருந்தது. பலகையைப் பிடித்து இழுத்து உடைத்தார். உள்ளங்கை கிழிந்தது. ஜெகதீஸ்வரி துணி கொண்டுவந்து கட்டிவிட்டாள்.

"காத்து வருமே," என்றாள்.

"வரட்டும்."

சனிக்கிழமை கடிதம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தபால் இல்லை. அன்று பின்னேரம் துஷ்யா போன் எடுத்தாள். சஞ்சயன் முடிவு கேட்கிறார், அரை அறையை எடுக்கட்டுமா, அல்லது படிப்பே வேண்டாம் என்று எழுதிவிடட்டுமா என்று கேட்டாள். குரலில் உயிர் இல்லை. நாளைக்கு மத்தியானம் மட்டும் பொறு பிள்ளை என்றார் தவராசா. மன்றாடினார் என்பதுதான் சரி.

திங்கட்கிழமை விடிய ஐந்தரைக்கே படியில் வந்து இருந்துகொண்டார். தபால்காரன் எத்தனை மணிக்கு வருவான் என்று அவருக்குத் தெரியாது. ஒன்பது வருடத்தில் அவனைக் காண வேண்டிய அவசியம் வரவில்லை. எட்டு அடித்தது. பத்து அடித்தது. கீழ்க் கடைக்காரன் உருளைக்கிழங்கு மூட்டை இறக்கினான். பதினொன்றரை ஆனது. கடிதவாயைத் தூக்கி ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். சிவப்புச் சட்டையும் அரைக்காற்சட்டையுமாக ஒருவன் கடைக்குள் ஏதோ கொடுத்துவிட்டு வெளியே வந்தான். இந்தக் கதவைத் திரும்பியும் பார்க்கவில்லை. தாண்டிப் போய்க்கொண்டிருந்தான்.

தவராசா கதவைத் திறந்துகொண்டு ஓடினார். இடுப்பில் சாரம், காலில் வீட்டுச் செருப்பு, கையில் கட்டு.

"லெட்டர்! லெட்டர் ஃபொர் அப்ஸ்டெயார்ஸ்!"

தபால்காரன் நின்றான். மேல்வீட்டுக்கா என்று கேட்டான். மேல்வீட்டுக் கடிதவாய் அடைத்திருக்கிறது, ஆள் இல்லாத வீடு என்றுதான் தங்களிடம் குறிப்பு இருக்கிறது என்றான். அங்கே வருகிறதையெல்லாம் அவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். சொல்லிக்கொண்டே பையின் பக்கத்து மடிப்பிலிருந்து இறப்பர் வளையம் போட்ட சின்னக் கட்டு ஒன்றை எடுத்தான். திரும்பிப் போகிற கடிதங்கள். மேலே இருந்த வெள்ளை உறையைத் தவராசா கண்டார். சனிக்கிழமையே வந்து திரும்பக் காத்திருந்த உறை.

"நீங்கள் யார்? எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டான் தபால்காரன்.

சீருடை போட்ட ஒருவன், அவருடைய கதவுக்கு முன்னால், யார், எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறான். தவராசாவுக்கு வழக்கமான அந்த இரண்டு நொடி வந்தது. குலசிங்கத்தின் மெத்தைச் சூடு கிழிந்த உள்ளங்கையில் ஏறியது. குட்மேய்ஸ் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"தவராசா," என்றார் உரக்க. கையை உயர்த்தி மேல் யன்னலைக் காட்டினார். "ஐ லிவ் ஹியர். மை டோட்டர் ஓல்சோ. நைன் இயேர்ஸ். வீ லிவ் ஹியர்."

"சரி, சரி," என்று தபால்காரன் உறையைக் கொடுத்தான். இவ்வளவு சத்தம் எதற்கென்று அவனுக்கு விளங்கவில்லை.

உறையில் செல்வி துஷ்யா தவராசா, அதன் கீழே இந்தத் தெரு, இந்த இலக்கம். தெருவில் நின்றே கிழித்து, தொலைபேசியில் ஆறு இலக்கத்தையும் இரண்டு தரம் சொன்னார். அங்கால் பக்கம் தட்டச்சுச் சத்தம். "பதிஞ்சிட்டுது அப்பா," என்றாள் துஷ்யா. பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம்.

அதன் பிறகு மூன்று மணித்தியாலம் அவர் படியிலேயே இருந்தார். ஜெகதீஸ்வரி கொண்டுவந்த தேத்தண்ணீர் ஆறிப் போனது. உடைந்த பலகையை மடியில் வைத்து, திருகாணி போட்ட ஓட்டைகளைத் தடவிக்கொண்டிருந்தார். கிடைக்காவிட்டால் மகளின் முகத்தில் இனி எப்படி முழிப்பது என்பதைத் தவிர வேறு யோசனை இல்லை.

மூன்று மணிக்குப் போன் அடித்தது.

"அப்பா... கிடைச்சிட்டுது. மூண்டாம் மாடி. ஒரு யன்னல். முழுசா எனக்கு." அவள் அழுதாள். வெள்ளிக்கிழமை தொடக்கம் அவள் இப்படிச் சத்தம் வைத்து அழவில்லை. தவராசாவும் அழுதார். ஜெகதீஸ்வரி படிக்கு மேலே நின்று இருவருக்கும் பொதுவாக ஏசினாள்.

"அறை இலக்கத்தைச் சொல்லு பிள்ளை, எழுதுறன்," என்றார் தவராசா. வந்த உறையைத் திருப்பி வைத்துப் பேனையை எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல, கட்டிடம், மாடி, இலக்கம் எல்லாம் எழுதினார். எழுதி முடித்துவிட்டு ஒரு நொடி தயங்கினார். "அப்ப உனக்கு வாற கடிதங்கள்? அதை எங்க போடச் சொல்லுறது, அண்ணை வீட்டையோ?"

"இல்லை அப்பா," என்றாள் துஷ்யா. "நான் படுக்கிற இடத்துக்கே போடட்டும்."